சனிக்கிழமை முகம்

பாக்கெட்டின் ஓரத்தைக் கிழித்து இரண்டு விரலை உள்ளே விட்டதும் முகத்தில் போடும் அந்த ஈரத் தாள் பிடிகொடுக்காமல் வழுக்கியது. காலையிலேயே ஃப்ரிட்ஜில் தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டிருந்தாள் புனிதவதி. பங்குனி பிறந்துவிட்ட வேலூரில் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வரும், குளிர்ச்சி என்று ஒன்று வேண்டுமானால் முன்னாடியே சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். நாலாக மடித்திருந்த தாளைப் பிரித்து, கண் ஓட்டைக்குக் கண்ணும் வாய் ஓட்டைக்கு வாயும் சரியாக இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்து, நெற்றியில் தொடங்கி மெல்லக் கீழே படியவிட்டாள். ஹா என்று மூச்சு உள்ளே போனது. இந்த ஒரு நொடிக்காகத்தான். கன்னத்தில், மூக்கின் இரண்டு பக்கமும், தாடையின் அடியில் அந்தச் சில்லிப்பு ஓடிப் பரவும் இந்த ஒரு நொடிக்காக வாரம் முழுக்கக் காத்திருக்கலாம். கழுத்துக்கு ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு மின்விசிறிக்கு நேராகப் படுத்தாள். சுவர்க் கடிகாரத்தில் மூணு மணி. இருபது நிமிஷம். பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, நெற்றியைச் சுருக்கக் கூடாது. கூடத்தில் கணவர் ஏகாம்பரம் சத்தத்தை அணைத்துவிட்டு கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறார். மின்சார வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை மூணு மணிக்கு அவர் இந்த அறைக்குள் வருவதில்லை. முதல் தடவை தெரியாமல் வந்துவிட்டு, வெள்ளைத் துணி போர்த்திய மாதிரி அவள் கிடந்ததைப் பார்த்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “இன்னா புனிதா, உயிரே போயிடுச்சு எனக்கு” என்றார். உயிர் போனது யாருக்கு என்று கேட்டு அன்றைக்கு அவள் சிரித்ததில் தாள் நழுவி மடியில் விழுந்தது. இன்றைக்குச் சிரிப்பு வராது. இன்றைக்கு இதைப் போட்டிருக்கவே கூடாது. அஞ்சு மணிக்கு மகள் தாரிணி வருகிறாள்.

ஒன்பது மாசத்துக்குப் பிறகு வருகிறாள். வருகிறாள் என்று இவளிடம் சொல்லவில்லை, அப்பாவிடம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் பெங்களூரிலிருந்து அப்பாவுக்குத்தான் போன் வரும். அவரும் ஒவ்வொரு தடவையும் “அம்மாகிட்ட தரட்டுமா?” என்பார், கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருப்பார், பிறகு “சரி, நீ வேலையா இருக்கே, அப்புறம் பேசு” என்று இவள் காதில் விழும்படி ஒரு பொய்யை அந்தப் பக்கத்துக்குச் சொல்வார். புது வேலைக்கு சர்டிபிகேட் எல்லாம் வேண்டுமாம், எடுத்துக்கொண்டு ஏழு மணி பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவாளாம். அஞ்சிலிருந்து ஏழு. நடுவில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற நேரத்தைக் கழித்தால் ஒன்றரை மணி நேரம். ஒன்றரை மணி நேரத்தில் என்ன சொல்லிவிட முடியும், ஒரு வார்த்தையைச் சொல்ல அரை நிமிஷம் போதுமாக இருந்தது, அதைத் திருப்பி எடுக்க ஒன்பது மாசம் போதவில்லை. ஆனி மாசம், செவ்வாய்க்கிழமை, பத்து மணி இருக்கும். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் முட்டை வெந்துகொண்டிருந்தது. நூற்று முப்பத்தெட்டு முட்டை. அமைப்பாளர் என்று பேர், ஆனால் முட்டை எண்ணுவதும் பருப்பு அளப்பதும் அவள்தான். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு படியால் பருப்பை அள்ளிக்கொண்டிருந்தபோது தாரிணி சேலத்திலிருந்து பேசினாள். கல்யாணம் ஆகி அஞ்சு மாசம். “அம்மா, தட்டைத் தூக்கி அடிச்சுட்டாரும்மா. சாம்பார் சுவரெல்லாம் வழியுது.” அவள் குரல் அழவில்லை. அழுதிருந்தால் ஒருவேளை இவள் பருப்புப் படியைக் கீழே வைத்திருப்பாள். இவள் சொன்னாள்: “உப்பு கூட இருந்திருக்கும். கொஞ்சம் பொறுத்துப் போம்மா.” அந்தப் பக்கத்தில் ஒரு லாரி போகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, “சரிம்மா.” அவ்வளவுதான். போனை வைத்துவிட்டாள். இவள் மறுபடி பருப்பை முதல் படியிலிருந்து எண்ணினாள். சமையலுக்கு இருக்கும் அம்சாவிடம், “புதுசா கல்யாணம் ஆனதுங்க, அப்படித்தான்” என்று வேறு சொன்னாள். மூணு வாரம் கழித்து தாரிணி அந்த வீட்டை விட்டு வெளியே வந்துவிட்டாள், வந்தவள் வேலூருக்கு வரவில்லை. சேலத்திலிருந்து வேலூர் பஸ்ஸும் போகிறது, பெங்களூர் பஸ்ஸும் போகிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பஸ் ஸ்டாண்டில் நின்றவள் எந்தப் பஸ்ஸில் ஏறினாள் என்பதில்தான் இவளுக்கான பதில் இருந்தது. உப்பு கூட இருந்திருக்கும். சுவரில் சாம்பார் வழிகிறது என்று சொன்ன பெண்ணிடம், சமையலில் தப்பு தேடியவள். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். “ஐயோ” என்று மட்டும் சொல்லியிருந்தால்கூடப் போதும். தாடையில் தாள் மேலே எழும்புகிறது, பல்லைக் கடிக்கிறாய் புனிதா, விடு, தளர்த்து.

நெற்றியிலிருந்து ஒரு சொட்டு காதுக்குள் இறங்கப் பார்த்தது. விரலால் தடுத்துக் கழுத்தில் தடவிக்கொண்டாள். வீணாக்கக் கூடாது, கழுத்துக்கும் முழங்கைக்கும் போதுமான அளவு பாக்கெட்டுக்குள்ளேயே தேங்கியிருக்கும். இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்கள்? யாரும் இல்லை. தாரிணி காலேஜில் படிக்கும்போது அவள் அலமாரி முழுக்க இந்தக் கொரியாச் சாமான்கள்தான். தண்ணி மாதிரி ஒன்று, எண்ணெய் மாதிரி ஒன்று, எடுத்தால் நூல் நூலாக இழுக்கும் ஒன்று. அது என்ன என்று கேட்டதற்கு, “நத்தை போற வழியில ஈரமா ஒண்ணு விடுமே, அதும்மா” என்றாள். “சீ, அதைப் போய் மூஞ்சியிலயா பூசுற?” மழைக்காலத்தில் பின்கட்டுச் சுவரில் நத்தை ஏறினால் உப்பை அள்ளிப் போடுகிற வீடு இது. பாவம், எத்தனை நத்தை. தாரிணி கல்யாணமாகிப் போகும்போது ஒரு செருப்புப் பெட்டி நிறைய விட்டுவிட்டுப் போனாள். அந்த “சரிம்மா”வுக்குப் பிறகு, அவள் பெங்களூர் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு சனிக்கிழமை மத்தியானம் அலமாரியைத் துடைக்கப் போனவள் அந்தப் பெட்டியைத் திறந்து முகர்ந்தாள். மகளின் தலையணை வாசனை. ஒரு பாக்கெட்டைக் கிழித்து அப்படியே முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தாள். அழகுக்காக இல்லை, அவள் கையும் முகமும் பட்ட ஏதோ ஒன்று தன் மேலேயும் படட்டும் என்றுதான். அன்றைக்குத் தாளுக்கு அடியில் அழுதாள். அடுத்த சனிக்கிழமையும் அழுதாள். மூணாவது சனிக்கிழமை அழுகைக்குக் காத்திருந்து பார்த்தாள், வரவில்லை, அதற்குப் பதிலாகக் கன்னம் ஜில்லென்று சுகமாக இருந்தது. அந்தச் சுகத்தை யாராவது பார்த்துவிட்டார்களா என்று எழுந்து கதவைப் பார்த்தாள். பெட்டி காலியானபோது ஒரு பயம் வந்தது. இனி மகளுடைய சாமான் எதுவும் மிச்சமில்லை, இனி வாங்கினால் அது தனக்காக வாங்குவது. காட்பாடி ரோட்டில் காலேஜ் பிள்ளைகளுக்காகத் திறந்த அந்தக் கடைக்குள் நைலக்ஸ் புடவையும் மஞ்சப்பையுமாக நுழைந்தபோது கல்லாவில் இருந்த பெண், “யாருக்கும்மா, பொண்ணுக்கா?” என்று கேட்டாள். ஆமாம் என்று வாய் வரை வந்தது. “எனக்குத்தான்” என்றாள். சொன்ன பிறகு உள்ளங்கை வேர்த்துவிட்டது. அம்பத்து நாலு வயசில் ஒரு கடையில் எனக்குத்தான் என்று சொன்னது அதுதான் முதல் தடவையோ என்னவோ. அம்சா பத்தே நாளில் கண்டுபிடித்துவிட்டாள். “இன்னாம்மா, மூஞ்சி பளபளன்னு கீது, இன்னா தடவுற?” நத்தை என்று சொன்னதும் கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள், அப்புறம் ரகசியமாக ஒரு சின்ன டப்பாவில் கொஞ்சம் வாங்கிக்கொண்டு போனாள்.

சாப்பாட்டுக் கதையும் அப்படித்தான். நூற்று முப்பத்தெட்டு பிள்ளைகளுக்கு வெந்த சாம்பார் வாசனையிலேயே இருந்து இருந்து அவளுக்கு நாக்கு என்ற ஒன்று செத்துப்போயிருந்தது. வீட்டுக்கு வந்தால் பசிக்கும், ஆனால் எதுவும் வேண்டாம். தாரிணி வாங்கிப் போட்டிருந்த சிவப்புப் பாக்கெட் நூடுல்ஸ் ஒன்று டப்பாவின் அடியில் கிடந்தது, அதைச் செய்து வாயில் வைத்தபோது கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர், காது இரண்டும் திறந்துகொண்ட மாதிரி இருந்தது. அப்புறம் ஆசை விடவில்லை. போனில் பார்த்து அந்தக் கொரியா முட்டைக்கோஸ் ஊறுகாயைப் போட ஆரம்பித்தாள். கிம்ச்சி. அந்தச் சொல்லே கடுகு வெடிக்கிற மாதிரி. ஒவ்வொரு இலையாகத் தூக்கி அதன் அடிவரை உப்பைத் தடவ வேண்டும், இலை தளர்ந்து துணி மாதிரி மடிய வேண்டும், பிறகு மூணு தண்ணீரில் அலச வேண்டும். கோஸில் உப்பு கூடிவிட்டால் அலசிவிடலாம். அதைச் செய்யும்போதெல்லாம் கை நின்றுவிடும், தண்ணீர் வழிந்து தரையில் ஓடும், இவள் இலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பிறகு பூண்டு, இஞ்சி, முள்ளங்கி, மிளகாய்ப்பொடி. மூணாம் நாள் மூடியைத் திறந்தால் உஸ் என்று ஒரு மூச்சு விடும். “பாட்டில் பேசுது புனிதா” என்று ஏகாம்பரம் தள்ளி நிற்பார். ஊசிப்போச்சு என்பார், கழிவுநீர் வாரியத்துக்குச் சொல்லணும் என்பார். ஆனால் காலையில் கேழ்வரகுக் கூழைக் கரைத்து வெங்காயத்துக்குப் பதில் இதை ஓரமாக வைத்தபோது, ஒரு துண்டு என்று ஆரம்பித்தவர் தட்டை வழித்துவிட்டார். கூழின் அந்த மந்தமான புளிப்புக்கும் இதன் சுள்ளென்ற புளிப்புக்கும் எங்கேயோ உறவு இருக்கிறது, பொண்ணு எடுத்துப் பொண்ணு கொடுத்த உறவு. அப்படி ஒரு நாள் கூழ் குடித்து முடித்து ஏப்பம் விட்டு, முகம் கழுவி, நத்தை க்ரீமைத் தடவி, கண்ணாடியில் தன்னைப் பார்த்தபோது தெரிந்தது: சந்தோஷமாக இருக்கிறேன். ஐயோ. மகள் முகம் கொடுத்துப் பேசாத இத்தனை மாசத்தில், மகள் விட்டுப்போன சாமான்களை வைத்துக்கொண்டு, நான் சந்தோஷமாக இருக்கிறேன். இது எப்படிப்பட்ட தாய்? துக்கத்துக்காகப் போட்ட தாள் சுகமாக மாறியது எந்தச் சனிக்கிழமை? அதைச் சரியாகச் சொல்லத் தெரிந்தால் அந்தச் சனிக்கிழமையை மட்டும் பிடித்து வெளியே தள்ளிவிடலாம்.

அதனால்தான் காலையில் எல்லா பாட்டிலையும் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் ஒளித்து வைத்தாள். கிம்ச்சி பாட்டிலைப் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜுக்கு அனுப்பிவிட்டாள். தாரிணி வந்து பார்க்கும்போது அம்மா அம்மாவாக இருக்க வேண்டும்: எண்ணெய் வழியும் முகம், கலைந்த கொண்டை, வருத்தம். வருத்தம் முகத்தில் தெரிய வேண்டாமா? பளபளவென்று போய் நின்றால், நான் இல்லாமல் நல்லாத்தான் இருந்திருக்கே என்று நினைத்துவிட மாட்டாளா? எல்லாவற்றையும் ஒளித்தவள் ஃப்ரிட்ஜில் கிடந்த இந்த ஒன்றை மறந்துவிட்டாள், மறந்தாளா, அல்லது மறந்த மாதிரி விட்டுவைத்தாளா, மூணு மணி ஆனதும் கை தானாகப் போய் எடுத்துவிட்டது. பயமாக இருந்தது, அதுதான் உண்மை. பயத்துக்கு ஜில்லென்று ஏதாவது வேண்டியிருந்தது. ஒன்பது மாசமாக ஒத்திகை பார்க்கிறாள். “தாரிணி, நான் அன்னைக்குச் சொன்னது தப்பு.” இது வாத்தியார் பேசுகிற மாதிரி இருக்கிறது. “அம்மாவை மன்னிச்சுடும்மா.” இப்படிச் சொன்னால் மன்னிக்கிற வேலையும் அவள் தலையிலேயே விழுகிறது. “எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாங்க, நானும் அப்படித்தான் பொறுத்தேன்.” பொறுத்தாயா? யார் தட்டை வீசினார்கள் உன் மேல்? ஏகாம்பரமா? கிம்ச்சி நாற்றத்தில் தள்ளி நிற்கிற இந்த மனுஷனா? ஒன்றும் பொறுக்க வேண்டியில்லாத வாழ்க்கையை வைத்துக்கொண்டு பொறுமையைப் பற்றி எப்படி வாய் வந்தது? அன்றைக்கு அவள் இவள் முகத்தைப் பார்க்கவில்லை, குரலை மட்டும்தான் கேட்டாள். முகத்துக்கு நூறு வகை வைத்திருக்கிறார்கள், தண்ணியாக, எண்ணெயாக, நூல் நூலாக. குரலுக்குப் பூச ஒன்றும் இல்லை. கண்ணை மூடினாள். மின்விசிறிக் காற்று தாளின் மேல் ஓட, அதன் அடியில் முகம் வேறு யாருடையதோ மாதிரி, கன்னம் எங்கே முடிகிறது காற்று எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் மிதந்தது. தாரிணி பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் அந்தக் குட்டி முகத்தை யாரோ ஈரத் துணியால் துடைத்துக் காட்டியது நினைவுக்கு வந்தது, பூனைக்குட்டி மாதிரி அவள் முகத்தைச் சுளித்தது, அப்போது இவள் சொன்ன முதல் வார்த்தை, என்ன சொன்னாள், “மெல்ல, மெல்லத் துடைங்க” என்றாள் நர்ஸிடம். அப்போது தெரிந்திருந்தது. மெல்ல என்று சொல்லத் தெரிந்திருந்தது.

வெளிக் கேட் கிரீச்சிட்டது. பேப்பர்காரன் மாசக் காசுக்கு வந்திருப்பான் என்று நினைத்தாள். ஏகாம்பரத்தின் செருப்பு அவசரமாக உரசியது. “அடடே, அஞ்சு மணின்னே!” என்றார். “மொத பஸ்லயே சீட் கிடைச்சுதுப்பா.” புனிதவதி எழுந்து உட்கார்ந்தாள். கடிகாரத்தில் மூணு பதிமூணு. தாளைப் பிய்த்து எறிய வேண்டும், எங்கே எறிய, முகமெல்லாம் வழவழவென்று இருக்குமே, துண்டு எங்கே, துண்டு கழுத்திலேயே இருந்தது, அதைக் கட்டில் முழுக்கத் தேடினாள். கூடத்தில் தாரிணி கேட்டாள்: “அம்மா எங்கப்பா?” காலடிச் சத்தம் அறைவாசலில் வந்து நின்றது.

மெலிந்திருந்தாள். முடியைத் தோள் வரைக்கும் வெட்டியிருந்தாள். தோளில் ஒரு சின்னப் பை. கண்ணை விரித்துக்கொண்டு பார்த்தாள்.

“அம்மா?”

புனிதவதிக்கு ஒத்திகை பார்த்த எந்த வாக்கியமும் வரவில்லை. வாய் ஓட்டை வழியாக வேறு என்னவோதான் வந்தது.

“உப்பெல்லாம் சரியாத்தான் இருந்திருக்கும்மா. நீ நல்லா சமைப்பே. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொன்னேன்.”

சொல்லச் சொல்லத் தாள் தாடையிலிருந்து கழன்று தொங்கியது. தாரிணி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் உதடு முதலில் சிரிக்கப் போய், வழியில் வேறு மாதிரி கோணியது. பையை இறக்கி வைத்தாள். கட்டிலின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“எனக்கு இன்னும் கோவம் போகலம்மா.”

“போக வேணாம்.”

“நீ சொன்னது தினம் கேக்குது. குளிக்கும்போதுகூட.”

“எனக்கும்.”

“சும்மா ஒரு வார்த்தை, கிளம்பி வான்னு சொல்லியிருந்தா அன்னைக்கே வந்திருப்பேன்.”

“ஆமா.” வேறு எதுவும் சொல்லக் கூடாது என்று தோன்றியது. ஏதாவது சொன்னால் அது காரணமாகிவிடும். பிறகு அவளையறியாமல் சொன்னாள்: “கோவப்படணும்னா இங்கயே இருந்து படு. அங்கே தனியா உக்காந்து படாதே.”

தாரிணி மூக்கை உறிஞ்சினாள். தொங்கிய தாளை இரண்டு விரலால் எடுத்துத் தாடையில் திரும்ப ஒட்டினாள். “அடில காத்து நிக்குது பாரு. நடுவிலேர்ந்து வெளிப்பக்கமா அழுத்தணும்” என்று, கன்னத்தில், மூக்கோரத்தில், காதுப்பக்கம் மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டு போனாள். இந்தப் பெண்ணின் விரல் இவ்வளவு சூடாக இருக்கும் என்பது மறந்தே போயிருந்தது. அவள் குனிந்தபோது வெட்டிய முடி விலகி முகம் முழுசாகக் கிட்டே வந்தது. இடது புருவத்துக்கு மேலே, முடியோரத்தில், ஒரு வெளுத்த கோடு. நகத்தளவு நீளம். கொஞ்சம் வளைவு, எவர்சில்வர் தட்டின் விளிம்பு மாதிரி.

அந்தத் தட்டு சுவரில் மட்டும் விழவில்லை. சுவர் என்று மட்டும்தான் சொன்னாள், மிச்சத்தை இவள் கேட்பாள் என்று காத்திருந்தாள், லாரி போகிற அந்தச் சத்தம் முழுக்கக் காத்திருந்தாள்.

“ஆறிப்போச்சும்மா” என்றாள் தாரிணி, அவள் பார்வை போன இடத்தைப் பார்த்துவிட்டு.

ஐயோ என்ற வார்த்தை இப்போதுதான் வந்தது, சத்தமில்லாமல். தாடையின் அடியில் வழிந்து நின்ற சொட்டை விரல் நுனியில் எடுத்தாள். அந்தக் கோட்டின் மேல் வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, மறுபடி இந்த முனைக்கு, தடவினாள். தாரிணி கண்ணை மூடிக்கொண்டாள். ஒதுங்கவில்லை.

கூடத்தில் டிவி சுவிட்சைத் தட்டுகிற சத்தம் கேட்டது. ஏகாம்பரம் வாசல்வரை வந்து, பார்த்து, எதையோ மறந்தவர் மாதிரி அப்படியே திரும்பி அடுக்களைக்குப் போய்ப் பால் பாத்திரத்தை எடுத்தார்.

“ஒரே வேர்வை” என்றாள் தாரிணி, கண்ணைத் திறக்காமல். “குளிக்கணும். என் பழைய நைட்டி ஏதாவது இருக்காம்மா இங்க?”